முப்பத்தொன்றாம் வீடு

வாடை என்று சொல்லிவிடலாம்,
வடக்கிலிருந்துதான் வந்தது.
ஆனால் வாடை கதவிடுக்கில் நுழையும்,
போர்வையைத் தேடவைக்கும்,
அவ்வளவுதான்.
இது வந்த பிறகு கதவையே தேடவேண்டியதாயிற்று.

முதல் நாள் விமானம் வரவில்லை.
யாரும் கவலைப்படவில்லை.
நல்ல வெயிலிலும் அது வராது.
இரண்டாம் நாள் மதியம்
மின்கம்பிகள் ஒன்றையொன்று அறைந்து
பச்சையாய் ஒருமுறை மின்னி அணைந்தன.
பிறகு பள்ளிக்கூடத்து டீசல் ஜெனரேட்டர் மட்டும்
இருமிக்கொண்டே இருந்தது.

நவம்பரில் உறைந்திருக்க வேண்டும் சுக்சி கடல்.
உறையவில்லை.
உறையாத கடலுக்குக் கை நீளம்.

நான் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தேன்.
ஊரில் முப்பத்தெட்டு வீடுகள்,
மணிக்கொரு தரம் எண் சொல்லிக் கூப்பிடுவேன்.
நான்கு? “இருக்கோம். குழாய் உறைஞ்சுபோச்சு.”
ஒன்பது? “இருக்கோம். கூரைத் தகடு ஒண்ணு பறந்திடுச்சு,
பார்த்தா சொல்லுங்க.”
பதினேழு? “இருக்கோம். யார்கிட்டயாவது சர்க்கரை இருக்கா?”
முப்பத்தொன்று?

முப்பத்தொன்று?

வெளியே இரைந்ததும் ரேடியோவுக்குள் இரைந்ததும்
ஒரே குரலாக இருந்தது.
ஆல்மா உட்டுவாக். தனியாக இருப்பவள்,
கரையை ஒட்டிய கடைசி வீடு.
பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தவர்கள்
ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.

பூட்ஸ் மாட்டத் தொடங்கியவன் டெல்பர்ட்.
நான்கு வருடமாக அவளோடு பேச்சில்லாதவன்.
ஒரு படகு இன்ஜின் விவகாரம்.
இரவல் கொடுத்தேன் என்பான் இவன்,
விலைக்கு வாங்கினேன் என்பாள் அவள்.
கடையில் அவள் வரிசையில் நின்றால்
இவன் பால் வாங்காமலே திரும்பிவிடுவான்.
நீயா என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.

வலைக்கயிற்றை முடிந்து முடிந்து முந்நூறு அடி,
ஒரு முனை கொடிக்கம்பத்தில்,
மறுமுனை டெல்பர்ட்டின் இடுப்பில்.
ஈனக் பின்னால்.
நடக்கவில்லை அவர்கள். முழங்கால், முழங்கை.
இமைகள் ஒட்டிக்கொள்ளக்கொள்ள
கையுறையால் தேய்த்துப் பிரித்தார்கள்.
கயிறு முடிந்த இடத்தில் வீடு இல்லை.
டெல்பர்ட் முடிச்சை அவிழ்த்தான்.

இதை ஈனக் தனியாகத் திரும்பிவந்து சொன்னபோது
அவன் தாடியிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.
டெல்பர்ட்டின் மனைவி அவன் கையிலிருந்த கயிற்றுமுனையை வாங்கி
மடியில் வைத்துக்கொண்டாள்.

நாற்பது நிமிடம்.

“முப்பத்தொன்று பேசறேன்.
நான்தான் அணைச்சு வச்சிருந்தேன்.
காத்தடிக்குது காத்தடிக்குதுன்னு ராப்பூரா சொல்றீங்க,
எனக்குக் காது இல்லையா?
இப்ப இங்க ரெண்டு பேர் இருக்கோம்.”

அதன்பின் முப்பது மணி நேரம்
ஓர் அறை, ஓர் அடுப்பு, பேச்சில்லாத இருவர்.
ஒவ்வொரு மணிக்கும் “இருக்கோம்” என்றாள்.
ஒருமுறை பின்னணியில் சீட்டு அறையும் சத்தம்.
ஒருமுறை ஏதோ கத்தல்.
ஒருமுறை, அதிகாலையில், அவன் குரலே வந்தது: “இருக்கோம்.”

நான்காம் நாள் காற்று விட்டது.
அமைதி காதை வலித்தது.
ஜன்னல் வழியே இறங்கிப்போய் வாசலைத் தோண்டினோம்.
கடல் பதினொரு எட்டு உள்ளே வந்து போயிருந்தது,
மீன் உலர்த்தும் பரண் இல்லை,
தார்ப்பாய்க்கடியில் கிடந்த அந்த இன்ஜினும் இல்லை.
இருவரும் விளிம்பில் நின்றார்கள்.
“என் இன்ஜின்,” என்றான் டெல்பர்ட்.
“என் இன்ஜின்,” என்றாள் ஆல்மா.
முதலில் சிரித்தது யார் என்பதில்
ஊருக்குள் இப்போது இரண்டு கட்சி.

வடக்கே அடுத்த ஊரில்
எண்ணிக்கை சரியாக வரவில்லை. இரண்டு குறைந்தது.
அவர்கள் பெயர் எனக்குத் தெரியும்.
அதை இங்கே எழுத மாட்டேன்,
அது அந்த ஊர் ரேடியோவில் கூப்பிட்டவளின் கவிதை.

அன்று மாலை பழக்க தோஷத்தில்
மறுபடியும் எண்களைக் கூப்பிட்டேன்.
பதினேழுக்குச் சர்க்கரை கிடைத்துவிட்டது.
முப்பத்தொன்று?
பதில் இல்லை.
யாரும் கயிறு தேடவில்லை.